அழகுக்குக் காரணம் கேட்கலாமா?

சமீபத்தில் நமது நண்பர் ஒருவர், பக்கத்து ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நம்மைப் பார்க்க வந்திருந்தார். வழக்கமான க்ஷேம சமாச்சாரங்களெல்லாம் பேசி முடிந்த பிறகு சிறிது தயங்கி, "ஐயா, என் பெண் பி.ஏ. தேறிவிட்டாள். மேலே எம்.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். டாக்டருக்கோ, வக்கீலுக்கோ படிக்கிறேன் என்றால் கடனை உடனை வாங்கியாவது படிக்க வைக்கலாம். இவளோ சீமைக்குப் போய் அழகைப் பற்றியும் கலையைப் பற்றியும் தத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அழகைப் பார்ப்பதற்குக் கண் போதாதா? அதற்கு ஓர் எம்.ஏ. பட்டமும் வேண்டுமா? இது பணக்காரன் வீட்டுப் பிள்ளைகள் பொழுது போகாமல் படிக்கிற படிப்பல்லவா?" என்று கேட்டார்.

நண்பர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. பணம் போடுகிறவன் எதற்காகப் போடுகிறோம் என்று கேட்பதுதான் யோக்கியமான காரியம். அவர் மேலும் ஒரு சங்கதி சொன்னார். பெண்ணின் கல்யாணத்துக்காக என்று பத்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கிற நகையும் பணமும் தவிர அவருக்கு வேறு ஆஸ்தி கிடையாதாம். அந்தப் பெண், "எனக்கு நகை வேண்டாம்; அந்தப் பணத்தைப் படிப்புக்குக் கொடுங்கள்" என்று கேட்கிறாளாம். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சாம். ஆகவே இது வம்புக்குக் கேட்ட கேள்வியல்ல. ஒரு குடும்பத்தின் பத்து வருஷ உழைப்பும், ஒரு பெண்ணின் வாழ்வும் இதில் அடங்கியிருக்கின்றன. இதே கேள்வி வேறு பலர் வீட்டிலும் எழக்கூடுமாதலால் நமது அபிப்பிராயத்தை இங்கே எழுதுகின்றோம்.

முதலாவது, இந்தப் படிப்பு இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். இது சித்திரம் எழுதக் கற்றுக் கொடுக்கும் படிப்பல்ல. பாட்டுப் பாடவோ சிலை செய்யவோ கற்றுக் கொடுக்கும் படிப்புமல்ல. அழகு என்பது பொருளில் இருக்கின்றதா, அல்லது பார்க்கிறவன் மனதில் இருக்கின்றதா? ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றை வெறும் கைத்தொழில் என்றும் பிரிப்பது எதைக் கொண்டு? இந்தப் பாட்டு உயர்ந்தது, அந்தப் பாட்டு தாழ்ந்தது என்று சொல்லுகிறவனுக்கு ஆதாரம் என்ன? கதையில் வருகிற ஒருத்தி செத்துப் போனாள் என்று படித்துவிட்டு, அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்று தெரிந்திருந்தும் நாம் கண்ணீர் விடுவது ஏன்? கெட்ட எண்ணத்தைப் பரப்புகின்ற நாடகம் நன்றாக நடிக்கப்பட்டுவிட்டால் அது நல்ல நாடகம் ஆகிவிடுமா? இவை போன்ற கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார் யார் என்னென்ன விடை சொன்னார்கள், அந்த விடை நிற்குமா, விழுமா என்று விசாரிப்பதுதான் இந்தப் படிப்பு. இங்கிலாந்தில் இது பெரும்பாலும் ஒரு வருஷத்துப் படிப்பு. ஐரோப்பாவின் மற்றப் பல தேசங்களில் இரண்டு வருஷம். டாக்டர் பட்டம் வேண்டுமென்றால் அதற்கு மேல் மூன்று, நான்கு வருஷம் ஆகும்.

இதற்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தவர் பவும்கார்ட்டன் என்கிற ஜெர்மானியர். 1735-ம் வருஷத்தில் தமது 21-வது வயதில் எழுதிய ஒரு சிறு லத்தீன் நூலில் அவர் 'எஸ்தெடிக்ஸ்' என்ற வார்த்தையை உபயோகப்படுத்தினார். பிறகு 1750-ல் அதே பெயரில் ஒரு பெரிய புத்தகமும் வெளியிட்டார். அது புலன்களால் அறிதல் என்று பொருள்படும் ஒரு கிரேக்க வார்த்தையிலிருந்து வந்தது. அதுவரையில் தத்துவக்காரர்கள் கண்ணால் கண்டு காதால் கேட்டு அறிவதைக் கீழான அறிவு என்று தள்ளி வைத்திருந்தார்கள். அந்த அறிவுக்கும் ஒரு சாஸ்திரம் வேண்டும், அதையும் ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்று சொன்னதுதான் அவர் செய்த காரியம். தமிழில் இதை அழகியல் என்கிறோம்.

நிற்க, கண் இருந்தால் போதாதா என்று நண்பர் கேட்டாரல்லவா? கண் போதும் என்று எண்ணியிருந்த பெரிய பெரிய நிபுணர்களுக்கு நேர்ந்த கதி ஒன்றைச் சொல்லுகின்றோம்.

ஹாலந்து தேசத்தில் வெர்மீர் என்று ஒரு ஓவியர் 17-ம் நூற்றாண்டில் இருந்தார். அவர் எழுதிய படங்கள் மிகச் சில. 1937-ல் அவர் எழுதியதென்று ஒரு பழைய படம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் அவ்விஷயத்தில் பெயர்பெற்ற நிபுணரான பிரேடியஸ் என்பவர் அதைப் பார்த்து, வெர்மீர் எழுதிய படங்களிலெல்லாம் இதுவே தலைசிறந்தது என்று பத்திரிகையில் எழுதினார். ராட்டர்டாம் நகரத்துக் காட்சிசாலை பெருந்தொகை கொடுத்து அதை வாங்கி மாட்டியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்து உருகினார்கள். யுத்தம் முடிந்த 1945-ல், ஜெர்மன் நாஜித் தலைவர் கோரிங்குக்கு வெர்மீரின் வேறொரு படத்தை விற்றுத் தேசத் துரோகம் செய்ததாக வான் மீகரன் என்பவரைப் பிடித்தார்கள். அவர், "நான் தேசத்தின் சொத்தை விற்கவில்லை, அது என் கையால் எழுதிய போலி, ராட்டர்டாமில் நீங்கள் பார்த்து உருகுகிறீர்களே, அதுவும் நான் எழுதியதுதான்" என்று சொல்லிவிட்டார். யாரும் நம்பவில்லை. காவலிலேயே அவரை வைத்து இன்னொரு படம் எழுதச் சொன்னார்கள், எழுதிக் காட்டினார். 1947-ல் அவருக்கு ஒரு வருஷம் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் சிறைக்குப் போவதற்கு முன்பே அந்த வருஷம் டிசம்பரில் இறந்து போனார்.

இப்போது நாம் கேட்கின்றோம். நேற்று வரையில் தலைசிறந்ததாயிருந்த படம் இன்று குப்பையாகப் போனது எப்படி? அந்தத் துணி மாறவில்லை. அதில் பூசிய வர்ணம் மாறவில்லை. ஒரு கோடுகூட நகரவில்லை. மாறியதெல்லாம் கீழே எழுதியிருந்த பெயர் ஒன்றுதானே! அப்படியானால் அத்தனை பேர் உருகியது படத்துக்கா, பெயருக்கா? கண் போதும் என்றால் கண்ணுக்கு இரண்டு நாளும் ஒன்றாகத்தானே தெரிந்திருக்க வேண்டும்?

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் கலை என்பதெல்லாம் புரட்டுத்தான்" என்று கையைத் தட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதுவும் யோசனையில்லாத காரியமேயாகும். ஏனென்றால் மறுபக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவன் மலையுச்சிக்கு நடந்து ஏறினான். மற்றொருவன் மோட்டாரில் போய் இறங்கினான். இரண்டு பேரும் நிற்கிற இடம் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு பேரும் செய்த காரியம் ஒன்றாகுமா? முதன்முதல் ஒரு வழியைக் கண்டுபிடித்து எழுதினவனுடைய காரியம் வேறு. முந்நூறு வருஷம் கழித்து அந்த வழியைக் களவாடினவனுடைய காரியம் வேறு என்று சொல்லுகிறவர்களும் இருக்கின்றார்கள். அமெரிக்காவில் நெல்சன் குட்மன் என்ற பேராசிரியர் 1968-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இந்தப் போலி விஷயத்தையே ஒரு பெரிய கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார். எந்தக் கட்சி சரி என்பது இப்போது நமது விஷயமல்ல. இரண்டு கட்சியையும் எடைபோட்டுப் பார்க்கப் பழகுவதற்குத்தான் அந்தப் பெண் படிக்க விரும்புகிறாள் என்பதே நாம் சொல்ல வந்தது.

அப்பழக்கம் எதற்காக வேண்டும் என்றால், உலகத்தில் மற்ற எல்லா விஷயத்திலும் காரணம் கேட்கத் துணிந்தவன்கூட அழகு, கலை, ரசனை என்று வந்தவுடன் வாயை மூடிக்கொள்ளுகிறான். துணிந்து கேட்டாலும் அவனுக்கு மூன்று பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, "பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்பது. இரண்டு, "அதெல்லாம் அனுபவித்தால்தான் தெரியும்" என்பது. மூன்று, "உனக்கு அந்த ஞானம் போதாது" என்பது. இந்த மூன்று பதில்களையும் நமது வாசகர்கள் இதற்கு முன் வேறு எந்த இடத்தில், யார் வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கிறவனைத் தலைகுனிய வைப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த பதில்கள் எந்தத் துறையிலும் இவைகள்தான்.

ஆனால் இந்தச் சாஸ்திரத்தைச் சேர்ந்த யோக்கியமான ஆசிரியர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஸ்காட்லாந்து தேசத்து டேவிட் ஹியூம் என்பவர் 1757-ல், ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு பழைய ஸ்பானிய நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்லுகிறார். இரண்டு பேரை அழைத்து ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவை ருசி பார்க்கச் சொன்னார்களாம். ஒருவன் மது நன்றாயிருக்கிறது, ஆனால் சிறிது தோல் வாசனை அடிக்கிறது என்றானாம். மற்றவன் நன்றாயிருக்கிறது, ஆனால் சிறிது இரும்பு வாசனை அடிக்கிறது என்றானாம். எல்லோரும் இருவரையும் பார்த்துச் சிரித்தார்களாம். கடைசியில் பீப்பாய் காலியானபோது அதன் அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு சாவி கிடந்ததாம்! இதிலிருந்து ஹியூம் சொல்ல வந்தது என்னவென்றால், ருசி என்பது அவனவன் இஷ்டம் மாத்திரமல்ல. நுட்பமாக அறிகிறவனும் உண்டு, அறியாதவனும் உண்டு. ஆனால் நான் நுட்பமானவன் என்று சொல்லிக் கொண்டால் மாத்திரம் போதாது, அடியில் சாவி கிடக்க வேண்டும் என்பதுதான். நல்ல அறிவு, நுட்பமான உணர்ச்சி, பழக்கம், பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல், துவேஷமின்மை ஆகிய ஐந்தும் உள்ளவனே தீர்ப்புச் சொல்லத் தக்கவன் என்று அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். இதில் பிறப்பைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையாவது இருக்கின்றதா என்று பாருங்கள்.

இப்பேர்ப்பட்ட ஹியூமுக்கு எந்தச் சர்வகலாசாலையிலும் உபாத்தியாயர் வேலை கிடைக்கவில்லை. 1745-ல் எடின்பரோவில் ஒரு பதவிக்கு முயன்றபோது, இவர் நாஸ்திகர் என்று பாதிரிமார் கிளம்பிக் கெடுத்துவிட்டார்கள். ஆகவே பட்டமும் பதவியும் வேறு, அறிவு வேறு என்பதையும் நண்பரின் பெண் மனதில் வைக்க வேண்டும்.

இதனால் ஹியூம் சொன்னதெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. துவேஷமின்மை வேண்டும் என்று எழுதிய அதே ஹியூம், வேறொரு கட்டுரையின் அடிக்குறிப்பில், கருப்பு நிற மக்கள் இயற்கையிலேயே வெள்ளையருக்குத் தாழ்ந்தவர்கள் என்று சந்தேகிப்பதாக எழுதி வைத்துப் போயிருக்கின்றார். அவர் பீப்பாயின் அடியிலும் ஒரு துருப்பிடித்த சாவி கிடந்தது! அதுபோலவே ஹெகல் என்ற ஜெர்மன் தத்துவாசிரியர் பெர்லின் நகரத்தில் 1820-களில் கலையைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். அவர் இறந்த பிறகு 1835-ல் அவை புத்தகமாக வந்தன. அதில் இந்தியக் கலையை அளவு கடந்த கற்பனை, குழப்பம் என்று கீழ்ப்படியில் வைத்துவிட்டார். அவர் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்தவரல்ல. நமது தேசத்தார் சிலர் இதைக் கேட்டுக் கோபித்துக் கொண்டு, நம் கலையே உலகத்தில் உயர்ந்தது என்று பதிலுக்குச் சொல்லித் திருப்தியடைகிறார்கள். ஹெகல் காணாமலே தாழ்த்தியது பிசகு என்றால், நாம் விசாரியாமலே உயர்த்துவதும் பிசகுதானே? இரண்டையும் காரணம் கேட்டுத் தள்ளத் தெரிந்தவர்கள் நம்மில் சிலராவது வேண்டாமா?

பெண்கள் விஷயத்தைப் பார்ப்போம். பெண்களில் பெரிய ஓவியர் யாராவது உண்டா, இல்லையே, அது அவர்கள் இயற்கை என்று மேல்நாட்டிலும் வெகுகாலம் பேசி வந்தார்கள். 1971-ல் லிண்டா நாக்லின் என்ற அமெரிக்க அம்மையார் ஒரு கட்டுரையில் இக்கேள்வியையே புரட்டிப் போட்டார். பெரிய ஓவியர் ஆவதற்கு வேண்டிய பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே ஏன் நீ இல்லை என்று கேட்கலாமா என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். மனித உடலைப் பார்த்து எழுதுவதே அக்காலத்து ஓவியப் படிப்புக்கு அஸ்திவாரம். அந்த வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. லண்டன் ராயல் அகாடமி 1768-ல் ஸ்தாபிக்கப்பட்டபோது அதன் அங்கத்தினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆனால் அங்கத்தினர்கள் கூடியிருப்பதாக ஸொஃபனி என்பவர் எழுதிய படத்தில், அறையில் நிர்வாண மாதிரி ஆண்கள் இருக்கிறார்கள் என்ற காரணத்தால், இவ்விரண்டு பெண்களையும் ஆளாக எழுதாமல், சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக எழுதிவிட்டார். இவர்களுக்குப் பிறகு அந்த அகாடமியில் முழு அங்கத்தினராக ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டது 1936-ல்தான். ரசனை என்றும் மேதை என்றும் சொல்லுகிறபோது அதற்குள் எத்தனை பூட்டுகள் மறைந்திருக்கின்றன என்பதற்கு இந்தச் சுவர்ப்படம் ஒன்றே போதாதா?

இனி, கலை என்று முத்திரை குத்துவது யார் என்பதைப் பார்ப்போம். 1917-ல் நியூயார்க் நகரத்தில், ஆறு டாலர் கட்டினால் யாருடைய படைப்பையும் வைப்போம் என்று ஒரு சங்கத்தார் கண்காட்சி நடத்தினார்கள். தூஷாம் என்ற பிரெஞ்சுக்காரர் கடையில் விற்கிற ஒரு மூத்திரப் பீங்கானை வாங்கி, ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவர்கள் சொன்ன விதியை அவர்களே மீறி அதை வைக்க மறுத்தார்கள். அந்தப் பீங்கான் பிறகு காணாமலே போய்விட்டது. ஆனால் 2004-ல் இங்கிலாந்தில் 500 கலை நிபுணர்களைக் கேட்டபோது, நவீன காலத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிறரைப் பாதித்த படைப்பு அதுதான் என்றார்கள்! 1964-ல் வார்ஹால் என்பவர் கடையில் சோப்பு அடுக்கி வரும் அட்டைப் பெட்டிகளைப் போலவே மரப்பெட்டிகள் செய்து கண்காட்சியில் அடுக்கினார். அதைப் பார்த்த ஆர்தர் டான்டோ என்ற தத்துவாசிரியர், பார்வைக்கு ஒன்றாயிருக்கிற இரண்டில் ஒன்று கலையாகவும் மற்றொன்று சரக்குப் பெட்டியாகவும் இருப்பது எதனால் என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதாவது கலையைப் பற்றிய ஒரு கொள்கையும் சரித்திரமும்தான் அந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்றும் சொன்னார். அவருக்குப் பின் வந்த டிக்கி என்பவர், கலையுலகம் என்ற ஸ்தாபனம் அந்த யோக்கியதையைக் கொடுக்கிறது என்றார். தெருவில் கிடந்த கல்லுக்குக் கும்பாபிஷேகம் செய்தால் அது சாமியாகிவிடுகிறது என்பதை அறிந்த நமது வாசகர்களுக்கு இந்தத் தத்துவம் சுலபமாக விளங்கும். கும்பாபிஷேகம் செய்கிறவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கும் ஒரு விடை உண்டு. ஜெர்மன் தத்துவாசிரியர் காண்ட் என்பவர், குதிரைச் சேணம் செய்கிற ஒரு தொழிலாளியின் மகன், 1790-ல் எழுதிய நூலில், லாப நஷ்ட எண்ணமின்றி ஒன்றைக் கண்டு மகிழ்வதே அழகுணர்ச்சி என்றார். விளைந்து சாய்ந்த நெல் வயலைப் பார்த்து, எத்தனை மூட்டை காணும் என்று எண்ணுகிறவன் பார்ப்பது அழகையல்ல. அந்த எண்ணமில்லாமல் நின்று மகிழ்கிறவன் பார்ப்பதுதான் அழகு என்று நாம் இதற்கு உதாரணம் சொல்லலாம். இது ஆழ்ந்த கருத்துத்தான். ஆனால் எத்தனை மூட்டை என்று எண்ணாமல் நிற்பதற்கு யாரால் முடியும்? பிரெஞ்சு தேசத்தில் ஒரு கிராமத்துத் தபால் ஊழியரின் மகனாகப் பிறந்து பேராசிரியரான பூர்தியூ என்பவர் 1,217 பேரை விசாரித்து, 1979-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். சூரியாஸ்தமனம், முட்டைக்கோசு, மரப்பட்டை போன்றவைகளைச் சொல்லி, இவற்றைப் படம் பிடித்தால் அழகாயிருக்குமா என்று கேட்டார். படிப்புக் குறைந்தவர்கள் சூரியாஸ்தமனம் அழகு, முட்டைக்கோசு அழகல்ல என்றார்கள். அதிகம் படித்தவர்கள் சூரியாஸ்தமனத்தை மட்டமென்று தள்ளி, முட்டைக்கோசும் மரப்பட்டையும் அழகாகலாம் என்றார்கள். ரசனை என்பது பெரும்பாலும் அவனவன் படிப்பையும் தகப்பன் தொழிலையும் ஒட்டியே போகிறது என்றும், மேல்வகுப்பார் தங்களைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டிக் கொள்வதற்கு அது ஒரு வேலியாக இருக்கிறது என்றும் அவர் காட்டினார்.

இது மேல்நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று சொல்லுவோருக்கு ஒன்று ஞாபகப்படுத்துகின்றோம். தமிழ்நாட்டுச் சங்கீத மேடைகளில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற கிளர்ச்சி 1940-களில் நடந்து, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டதே, அப்போது எதிர்க்கட்சியார் சொன்னது என்ன? சங்கீதத்தில் பாஷையைக் கொண்டுவரக் கூடாது, கலையின் தரம் கெட்டுப் போகும் என்பதுதானே? அதாவது தரம், அழகு என்ற பேச்சே அங்கே வேலியாக நின்றது. அந்த வேலிக்குக் காரணம் கேட்டவர்களுக்கு அழகியல் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவர்கள் கேட்டது அழகியல் கேள்விதான்.

சரி, இது சோறு போடுமா என்பதற்கு வருவோம். இவ்விஷயத்தில் நண்பரை ஏமாற்ற நாம் தயாராயில்லை. இந்தப் படிப்புக்கென்று தனியாக உத்தியோகம் கிடையாது. சர்வகலாசாலைகளில் இதைக் கற்பிக்கும் ஸ்தானங்கள் மிகவும் கொஞ்சம். அவற்றுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். வால்ட்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மானியரின் எழுத்துக்களை இன்று உலகமெங்கும் இந்தப் படிப்பில் பாடமாக வைத்திருக்கின்றார்கள். 1925-ல் அவர் உபாத்தியாயர் ஆவதற்காக ஃபிராங்க்ஃபர்ட் சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்த நூல், புரியவில்லை என்று சொல்லப்பட்டு, வாபஸ் வாங்கிக் கொள்ளும்படி ஆயிற்று. கடைசி வரையில் அவருக்கு அந்த உத்தியோகம் கிடைக்கவேயில்லை. முன் சொன்ன குட்மனோ, ஹார்வர்டில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டே பாஸ்டன் நகரத்தில் ஓவியங்கள் விற்கும் கடை நடத்தி வந்தார். பட்டம் வாங்கியது 1941-ல். ஆகையால் நாம் சொல்லுவது என்னவென்றால், இதற்காகக் கடன் வாங்கக் கூடாது. வீட்டை அடமானம் வைக்கக் கூடாது. முதலில் உபகாரச் சம்பளத்துக்கு எழுதிப் போட வேண்டும். ஒரு வருஷப் படிப்போடு நிறுத்திக் கொள்ளவும் தயாராயிருக்க வேண்டும். டாக்டர் பட்டத்துக்கு யாராவது சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தாலொழியப் போகக் கூடாது. பிழைப்புக்கு உபாத்தியாயர் வேலையோ, பத்திரிகை வேலையோ, காட்சிசாலை வேலையோ, வேறொரு தொழிலோ கையில் இருக்க வேண்டும்.

மற்றொரு ஆட்சேபணையும் உண்டு. பசித்துக் கிடக்கிறவனுக்கு அழகு எதற்கு என்று நமது தோழர்களே சிலர் கேட்பார்கள். ருஷிய தேசத்து டால்ஸ்டாய் இதை நம்மைவிடப் பலமாகக் கேட்டிருக்கிறார். 1898-ல் இங்கிலீஷில் முழுதும் வெளியான, கலை என்பது என்ன என்ற நூலின் தொடக்கத்தில், ஒரு நாடக ஒத்திகையில் கூலிகளும் ஆட்டக்காரர்களும் திட்டு வாங்கிக் கொண்டு படும் பாட்டை எழுதி, இத்தனை பேர் உழைப்பைத் தின்கிற இந்தக் கலை எதற்காக என்று கேட்கிறார். கலை வேண்டாம் என்று சொல்லுவதற்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. ஒரு மனிதனுடைய உணர்ச்சி மற்ற மனிதருக்குத் தொற்ற வேண்டும். பணக்காரருக்கு மாத்திரம் விளங்குவது கலையாகாது என்று சொல்லுவதற்காகவே கேட்டார். அவர் முடிவை ஒப்புக் கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் பசித்தவன் சார்பாகக் கலையைக் கேள்வி கேட்பதும் இந்தப் படிப்பில் ஒரு பாடமாக இருக்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அன்றியும், வயிறு நிறைந்தவனுக்குத்தான் அழகு என்று நாமே சொல்லிவிட்டால், அழகு முழுவதையும் அவனுக்கே பட்டயம் எழுதிக் கொடுத்ததாக ஆகாதா?

கடைசியாக அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படிப்பில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஒருவருக்கும் புரியாத வார்த்தைகளைக் கற்றுக் கொண்டு வந்து, "உங்களுக்கு அந்த ஞானம் போதாது" என்று சொல்லுகிற நான்காவது ஆளாக ஆகிவிடுவது வெகு சுலபம். அப்படியானால் பழைய குருக்கள் போய்ப் புதிய குருக்கள் வந்ததாகவே முடியும். ஆகையால், போவதற்கு முன்னே ஹியூமின் அந்தச் சிறு கட்டுரையையாவது வாங்கிப் படித்துவிட்டு, அதைக் கடையில் உட்கார்ந்திருக்கிற தகப்பனாருக்குத் தமிழில் விளங்கச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கட்டும். சொல்ல முடிந்தால் போகட்டும். சொல்லச் சொல்ல உற்சாகம் குறைந்தால் நின்றுவிடட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நண்பருக்கு நாம் சொன்னதும் இதுதான். அவர், "எல்லாம் சரி ஐயா, நகைப் பணமாயிற்றே" என்றார். நாம் கேட்டோம், "அந்த நகை எதற்காக?" "கழுத்துக்கு அழகாயிருக்கும், நாலு பேர் மதிப்பார்கள்" என்றார். "அழகு என்று லட்சக்கணக்கில் செலவழிக்கத் துணிந்த நீங்கள், அழகு என்றால் என்ன, அதை நாலு பேர் மதிப்பது ஏன் என்று உங்கள் பெண் கேட்பதற்கு அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கத் தயங்குவானேன்?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்லுகிறேன் என்று எழுந்து போனார்.

வீட்டில் கேட்கும்போது அந்தப் பெண்ணையும் கேட்பார் என்று நம்புகின்றோம். இவரைப் போன்ற நிலைமையிலுள்ள மற்றப் பெற்றோர்களும், பிள்ளைகள் அழகைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டால், அது பெரிய மனிதர் வீட்டுச் சொத்து என்று ஒதுங்கிக் கொள்ளாமல், லாபத்தையும் நஷ்டத்தையும் கணக்குப் பார்த்து, அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.